ஊர் நீங்கிய திருமேனிகள்

நுழையும்முன்

காவிரி பாயும் தஞ்சைச் சமவெளியில் மலை இல்லை. செம்பு தரும் சுரங்கமும் இல்லை. ஆயினும், உலகப் பெருநகரங்களின் அருங்காட்சியகங்களில் இம்மண்ணில் வார்க்கப்பட்ட செப்புத்திருமேனிகள் சிறப்பிடம் பெற்று நிற்கின்றன. அவற்றுள் சில, பாதுகாப்புக்காக மண்ணுள் மறைக்கப்பட்டு மீண்டும் வெளிப்பட்டவை. சில, களவில் கடல் கடந்தவை. சில, நெடிய வழக்குகளுக்குப்பின் தாயகம் திரும்பியவை. கலைப்பொருளைக் காண்பது என்பது அதன் வடிவழகை வியப்பதோடு முடிவதன்று. அது நின்ற இடத்தையும் கடந்துவந்த வழியையும் அறிவதுமாகும். தஞ்சைக் கலைக்கூடத்தை முன்னிறுத்தி அதனை உணர்த்துகிறது இப்பாடம்.

அரண்மனையிலிருந்து கலைக்கூடம் வரை

அரசர்களும் செல்வர்களும் தொகுத்துவைத்த கலைப்பொருள்கள் ஒரு காலத்தில் அவர்களுடைய விருந்தினரின் கண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. அவை பொதுமக்களின் பார்வைக்கு வந்தது, உலக வரலாற்றில் அண்மையில் நிகழ்ந்த மாற்றமே. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின், 1793ஆம் ஆண்டில் பாரிசு நகரின் லூவர் அரண்மனை மக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் வியக்கத்தக்க ஏற்பாடு ஒன்று நிகழ்ந்தது. அந்நகரைப் பல தலைமுறைகள் ஆண்ட மெடிசி குடும்பத்தின் இறுதி வாரிசான அன்னா மரியா லூயிசா என்னும் பெருமாட்டி, தம் முன்னோர் சேர்த்த ஓவியங்களையும் சிற்பங்களையும் 1737ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே அந்நாட்டுக்கு உரிமையாக்கினார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்று உண்டு: அப்பொருள்களுள் எதுவும் அந்நகரை விட்டு வெளியே கொண்டுசெல்லப்படலாகாது. அரசு அலுவலகங்களுக்காக எழுப்பப்பட்ட உஃபீசி மாளிகை, 1769ஆம் ஆண்டு முதல் அக்கலைச்செல்வங்களின் பொதுக்காட்சிக் கூடமாயிற்று. ஃபுளோரன்சின் கலையை ஃபுளோரன்சிலேயே காணும் வாய்ப்பை உலகுக்கு அளித்தது அந்நிபந்தனையே.

தஞ்சையின் கதை வேறு. நாயக்க மன்னர்கள் தொடங்கி மராத்திய மன்னர்கள் விரிவாக்கிய தஞ்சை அரண்மனை, 1855ஆம் ஆண்டில் மராத்திய அரசமரபு முடிவுற்றபின் அரசர் இல்லாத அரண்மனையாயிற்று. இரண்டாம் சரபோஜி மன்னர் பேணி வளர்த்த சரசுவதி மகால் நூலகம் அதன் ஒரு பகுதியில் நிலைத்து நின்றது. ஆனால், அரண்மனைக்கு வெளியே, ஆற்றங்கரை ஊர்களின் சிதைந்த கோயில்களிலும் வயல்வெளிகளிலும் சோழர்காலச் சிற்பங்கள் காப்பாரின்றிக் கிடந்தன. அவற்றை ஊர்விட்டுப் போகாமல் காக்கச் சரியான இடம் தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டில் அரண்மனை வளாகத்திலேயே தஞ்சைக் கலைக்கூடம் நிறுவப்பட்டது. மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து கற்சிற்பங்களும் செப்புத்திருமேனிகளும் அங்கு வந்து சேர்ந்தன. அரசர் வாழ்ந்த இடம் மக்கள் காணும் இடமாயிற்று.

இல்லாத காளையின்மீது சாய்ந்த கை

கலைக்கூடத்தின் செப்புத்திருமேனிகளுள் காண்போரை நெடுநேரம் நிறுத்திவைப்பது, திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகனர் திருமேனி. கால்களைக் குறுக்கே மாற்றி ஊன்றி, உடலை இயல்பாகத் தளர்த்தி நிற்கிறார் சிவபெருமான். சடைமுடி தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டப்பட்டு, அதனிடையே பாம்புகள் நெளிகின்றன. ஒரு கை தொடையருகே தாழ்ந்திருக்க, மற்றொரு கை எதன்மீதோ சாய்ந்திருப்பதுபோல வளைந்து நிற்கிறது. அக்கை சாய்ந்திருந்த காளை இன்று இல்லை. எனினும் கையின் வளைவும் விரல்களின் தளர்வும், அருகே ஒரு காளை நிற்பதைக் காண்போரின் மனக்கண்ணில் தோற்றுவிக்கின்றன.

இத்திருமேனியின் காலம் ஊகத்தால் அறியப்பட்டதன்று. இதனைக் கோலக்கவன் என்பார் எழுந்தருளச்செய்த செய்தி, திருவெண்காட்டுக் கோயிலின் கல்வெட்டில் முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டைக் குறித்துப் பொறிக்கப்பட்டுள்ளது. அது பொ.ஆ. 1011ஆம் ஆண்டுக்கு இணையானது. அடுத்த ஆண்டில் தேவியின் திருமேனியும் செய்தளிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிற்பம், அது செய்யப்பட்ட ஊர், செய்வித்தவர் பெயர், அளித்த ஆண்டு ஆகியவற்றோடு இன்று அறியப்படுவது பெரும்பேறாகும்.

படையெடுப்பு அச்சம் நேர்ந்த காலங்களில் கோயிலைச் சார்ந்தோர் திருமேனிகளைப் பள்ளம் தோண்டிப் புதைத்துக் காத்தனர். மறைத்தவர் மறைந்தபின் புதைத்த இடமும் மறந்துபோயிற்று. திருவெண்காட்டுத் திருமேனிகளும் இவ்வாறு மண்ணுள் உறங்கி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிப்பட்டவை. அவற்றுள் இடபவாகனரும், உமையின் கைப்பற்றி நிற்கும் கல்யாணசுந்தரரும் தஞ்சைக்கு வந்தனர். அர்த்தநாரீசுவரர் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றார். ஒரே மண்ணில் கிடந்தவை இரு நகரங்களில் பிரிந்து நிற்கின்றன.

ஆற்று மண்ணும் தேன்மெழுகும்

சமவெளியில் கருங்கல் கிடைப்பதில்லை. தஞ்சைப் பெரியகோயிலுக்கான கற்கள் வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டன. செம்பும் அவ்வாறே வெளியிலிருந்து வந்தது. இந்நிலம் தந்தது நெல்விளைச்சலால் பெருகிய செல்வத்தையும், அச்செல்வத்தால் வாழ்ந்த கலைஞர்களின் கைத்திறனையும், காவிரி கொண்டுவந்து படியவைத்த நுண்ணிய வண்டல் மண்ணையுமே.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றளவும் தொடரும் வார்ப்புமுறை, அம்மண்ணின் பயனைக் காட்டும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் சிற்பி முதலில் உருவத்தைச் செய்கிறார். உறுப்புகளின் அளவைத் தென்னையோலைக் கீற்றை மடித்துக் கணக்கிடுகிறார். அவ்வோலைக்கு ஒடியோலை என்று பெயர். மெழுகு உருவத்தின்மேல் நுண்மையான வண்டல் மண் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன்மேல் கனத்த மண் பூசப்படுகிறது. உலர்ந்த அச்சைச் சூடாக்கும்போது மெழுகு உருகி வெளியேறுகிறது. வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படுகிறது. முதற்பூச்சின் மண் எவ்வளவு நுண்மையானதோ அவ்வளவு தெளிவாக மெழுகின் நெளிவுகள் உலோகத்தில் பதிகின்றன.

உலோகம் குளிர்ந்தபின் அச்சை உடைத்தே திருமேனியை வெளியே எடுக்க முடியும். மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. எனவே ஓர் அச்சிலிருந்து ஒரு திருமேனியே பிறக்கிறது. ஒன்று களவுபோனால் அதன் இடத்தை மற்றொன்று நிரப்ப இயலாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தெரிந்து தெளிவோம்

பிரெஞ்சுச் சிற்பி ரோதான், திருவாலங்காட்டு நடராசர் திருமேனியின் அழகைப் போற்றிக் கட்டுரை எழுதினார். அவர் மறைந்தபின், 1921ஆம் ஆண்டில் அது பாரிசில் வெளியாயிற்று. அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். சென்னை அருங்காட்சியகத்திலுள்ள அத்திருமேனியின் நிழற்படங்களைப் பார்த்தே எழுதினார்.

கோயிலும் கூடமும்

கோயிலில் செப்புத்திருமேனி பட்டுடுத்தி, அணிகலன் பூண்டு, மாலை சூடி நிற்கும். வழிபடுவோருக்குத் திருமுகமும் திருவடியுமே பெரும்பாலும் புலனாகும். விழாக்காலங்களில் பீடத்தின் வளையங்களில் தண்டுகளைக் கோத்துத் தோள்களில் சுமந்து வீதியுலா கொண்டுசெல்வர். கருவறைவரை செல்ல இயலாதவர்க்கும் இறைவன் தெருவுக்கு வந்து காட்சி தருவதற்காக அமைந்தவை இவ்வுலாத்திருமேனிகள்.

கலைக்கூடத்தில் பட்டும் இல்லை, மாலையும் இல்லை. இடையின் வளைவும், தோளின் திரட்சியும், ஆடையின் மடிப்பும், முதுகுப்புறத்தில் சிற்பி செதுக்கிய நுட்பமும் முழுமையாகத் தெரிகின்றன. கோயிலில் மறைந்திருந்தது இங்கு வெளிப்படுகிறது. கோயிலில் இருந்த இசையும் விளக்கொளியும் ஊராரின் கூட்டமும் இங்கு இல்லாமற்போகின்றன. இவ்விரு நிலைகளுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆனால், கூடத்தில் நிற்கும் திருமேனியைக் காண்பவர், அதன் பீடத்திலுள்ள வளையங்களைக் கண்டு, அது தெருக்களில் உலாவந்த காலத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

கற்சுவரில் ஒரு பட்டியல்

இன்றைய அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, உயரம், எடை, பெயர், வந்த வழி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சைப் பெரியகோயில் அத்தகைய பதிவேட்டைக் கல்லில் எழுதிவைத்தது. இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அலுவலர்களும் அளித்த அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத்திருமேனிகளைக் கோயில் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. திருவடி முதல் முடிவரையிலான உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலாக வார்த்ததா, அளித்தவர் யார், அணிவித்த நகைகளின் எடை எவ்வளவு என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன.

அத்திருமேனிகளுள் இன்று அக்கோயிலில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. பட்டியல் நிலைத்திருக்கிறது, பட்டியலிட்ட பொருள்களுள் பெரும்பாலானவை இல்லை. எனினும் பதிவு இருப்பதனால்தான் இழந்தது எது, எத்தகையது, எவ்வளவு என்பது தெரிகிறது. பதிவும் இல்லாமற்போயிருந்தால் இழந்தோம் என்பதையே அறிய வழியிருந்திராது.

வந்தவையும் சென்றவையும்

கலைப்பொருள்கள் இடம்பெயர்வது இக்காலத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. அயலவர் கைகளால் மட்டும் நிகழ்ந்ததுமன்று. தஞ்சைக் கலைக்கூடத்திலேயே அதற்குச் சான்று உண்டு. தாராசுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வாயிற்காவலர் கற்சிலையின் அமைப்பு சோழர் பாணியிலிருந்து வேறுபட்டது. முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று அங்கிருந்து கொணர்ந்தது அது என்பதைப் பீடத்திலுள்ள தமிழ் எழுத்துகள் அறிவிக்கின்றன. அயல்நாட்டில் தமிழகத்துத் திருமேனியைக் கண்டு வருந்துபவர், தம் ஊரில் நிற்கும் அயல்நாட்டுச் சிலையையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும்.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அக்கொடையை விரிவாகப் பதிவுசெய்த 21 செப்பேடுகள், பிற்காலத்தில் டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்து சென்று, அந்நாட்டின் பழம்பெரும் பல்கலைக்கழக நகரமான லெய்டனைச் சேர்ந்தன. அதனால் அவை லெய்டன் செப்பேடுகள் என்றே உலகில் வழங்கப்பெற்றன. தஞ்சைச் சமவெளியின் நிலம், நீர், எல்லை ஆகியவற்றைப் பேசும் ஆவணத்திற்கு ஐரோப்பிய நகரம் ஒன்றின் பெயர் அமைந்தது. பொருள் இடம்பெயரும்போது பெயரும் இடம்பெயர்கிறது.

சிவபுரம்: ஒரு கூரிய பார்வை

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டில் நடராசர் திருமேனி உள்ளிட்ட சில திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன. பழுதுபார்ப்பதற்காக வெளியே சென்ற நடராசருக்குப் பதிலாக, புதிதாக வார்த்த போலி ஒன்று கோயிலுக்குத் திரும்பியது. ஊரார் அதையே வழிபட்டு வந்தனர். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், கோயிலில் இருப்பது பழந்திருமேனி அன்று என்பதைச் சுட்டிக்காட்டினார் டக்ளஸ் பாரெட் என்னும் ஆங்கிலேயக் கலையறிஞர். சோழர் வார்ப்புகள் பலவற்றைப் பார்த்துப் பழகிய கண், பழையதையும் புதியதையும் வேறுபடுத்தி அறிந்தது.

மெய்யான திருமேனி பல கைகள் மாறி, 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனத்தைச் சேர்ந்தது. இந்திய அரசு உரிமை கோரியது. உடன்பாட்டின்படி சில ஆண்டுகள் அங்குக் காட்சியில் இருந்தபின், 1986ஆம் ஆண்டில் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது.

பத்தூர்: வழக்காடிய கோயில்

திருவாரூர்ப் பகுதியிலுள்ள பத்தூரில், சிதைந்த சிவன் கோயிலின் அருகே 1976ஆம் ஆண்டில் நடராசர் திருமேனி ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அரசுக்கு அறிவிக்கப்படாமல் மறைவாக விற்கப்பட்ட அது, 1982ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தூய்மை செய்வதற்காக பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தபோது இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது.

இலண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் உரிமை கோரியோருள் பத்தூர்க் கோயிலும் ஒரு தரப்பாக நின்றது. பூசையின்றிப் பல நூற்றாண்டுகள் சிதைந்து கிடந்த கோயிலுக்கு உரிமை உண்டா என்பது வழக்கின் முதன்மையான வினாக்களுள் ஒன்று. கலைவடிவ ஒப்பீட்டோடு, உலோகத்தின் இயல்பு, திருமேனியில் படிந்திருந்த மண், கறையான் ஊர்ந்த தடம் ஆகியவையும் சான்றுகளாக ஆராயப்பட்டன. 1988ஆம் ஆண்டில் நீதிமன்றம் கோயிலின் உரிமையை ஏற்றது. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. 1991ஆம் ஆண்டில் நடராசர் தாயகம் திரும்பினார்.

ஆயினும் அவர் பத்தூர்க் கோயிலுக்குள் எழுந்தருளவில்லை. மீண்டும் களவுபோகாமல் காப்பதற்காகத் திருவாரூரிலுள்ள உலோகத்திருமேனி பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். தாயகம் திரும்புவதும் ஊர் திரும்புவதும் ஒன்றல்ல என்பதைப் பத்தூர் நடராசர் உணர்த்துகிறார். காவலற்ற கோயிலில் வைப்பதா, வழிபாடற்ற அறையில் வைப்பதா என்னும் வினாவுக்கு எளிய விடை இல்லை. ஊராரின் விழிப்பும் அரசின் காவலும் ஒன்றிணையும் இடத்திலேயே அதற்கான விடை பிறக்க முடியும்.

தெரிந்து தெளிவோம்

சிலைக்களவைத் தடுக்கவும் களவுபோனவற்றை மீட்கவும் தமிழ்நாடு காவல்துறையில் 1983ஆம் ஆண்டு தனிப்பிரிவு ஒன்று உருவாக்கப்பட்டது. இந்தியாவில் தொன்மையான கலைப்பொருள்களை அரசின் இசைவின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும்.

ஒரு நிழற்படத்தின் வலிமை

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் அளவிலான விலைக்கு வாங்கியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகக் கோயில்களின் சிற்பங்களைப் பல்லாண்டுகளாக நிழற்படமெடுத்துத் தொகுத்து வைத்திருந்தது. அத்தொகுப்பிலிருந்த படமும் ஆஸ்திரேலியாவில் நின்ற திருமேனியும் ஒன்றே என்பது ஒப்பீட்டில் புலனாயிற்று. 2014ஆம் ஆண்டில் அத்திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

களவு நிகழும் முன்னரே எடுத்துவைத்த ஒரு படம், கடல் கடந்த பொருளை மீட்கும் சான்றாயிற்று. இராசராசன் காலத்தில் உளி செய்த பணியை இக்காலத்தில் நிழற்படக்கருவி செய்தது. படமெடுக்கப்படாத, அளவு குறிக்கப்படாத திருமேனி களவுபோனால், அது எவ்வூரினது என்பதை மெய்ப்பிக்கப் பெரும்பாடுபட வேண்டியிருக்கும். சிற்றூர்க் கோயில்களின் இழப்புகள் பல இன்றுவரை மீட்கப்படாமைக்குப் பதிவின்மையும் ஒரு காரணமாகும்.

காண்பார்க்குரிய கடமை

கலைக்கூடத்திற்குச் செல்வோர் பலர், ஒரு சிற்பத்தின்முன் சில நொடிகளே நின்று கடந்துவிடுகின்றனர். பெயர்ப்பலகையைப் படித்ததும் பார்த்தது முடிந்ததாகக் கருதுவோரும் உண்டு. உண்மையில் பெயர்ப்பலகையிலிருந்தே பார்வை தொடங்குகிறது. இது எதனால், எவ்வாறு ஆக்கப்பட்டது? எந்த ஊரில், எவர் நடுவில் நின்றது? அங்கிருந்து இங்கு எவ்வாறு வந்தது? இம்மூன்று வினாக்களோடு ஒரு திருமேனியைச் சுற்றிவந்தால், அதன் முன்புறம் காட்டாததைப் பின்புறமும், முகம் காட்டாததைப் பீடமும் காட்டும். தஞ்சையாயினும், ஃபுளோரன்ஸ், பாரிசு, இலண்டன் முதலிய ஐரோப்பிய நகரங்களாயினும் இவ்வினாக்கள் பொருந்தும்.

மெடிசி குடும்பப் பெருமாட்டியின் நிபந்தனை ஃபுளோரன்ஸ் நகரத்தின் கலையைக் காத்தது. காவிரிக்கரை ஊர்களின் கலைக்கு அத்தகைய ஒற்றை உடன்படிக்கை கிடைக்கவில்லை. கல்வெட்டாகப் பொறித்தவர்களும், மண்ணுள் புதைத்துக் காத்தவர்களும், கலைக்கூடத்தில் சேர்த்தவர்களும், நிழற்படமாகப் பதிந்தவர்களும் தத்தம் காலத்தில் அப்பணியைப் பகிர்ந்து செய்தனர். தம் ஊர்க் கோயிலில் எத்தனை திருமேனிகள் உள்ளன என்பதை அறிந்த இளைஞர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பாராயின், அப்பணி தொடர்கிறது என்று கொள்ளலாம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பழமையான கோயில் அல்லது அருங்காட்சியகத்திற்குச் சென்று, ஒரு சிற்பத்தைத் தேர்ந்து, அதன் அமைப்பு, அமைந்த இடம், வரலாறு ஆகியவற்றை ஒரு பக்க அளவில் பதிவு செய்க.

2. ‘மீட்கப்பட்ட திருமேனிகளுக்கு உரிய இடம் கோயிலே / பாதுகாப்பு மையமே’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

சிந்தனை வினாக்கள்

1. பெரியகோயில் கல்வெட்டுகளை அருங்காட்சியகப் பதிவேட்டோடு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும்?

2. தாராசுரத்து வாயிற்காவலர் சிலை, கலைப்பொருள்களின் இடப்பெயர்ச்சி குறித்து உணர்த்தும் கருத்து யாது?

3. ‘தாயகம் திரும்புவதும் ஊர் திரும்புவதும் ஒன்றல்ல’ – பத்தூர் நடராசர் வரலாற்றைக் கொண்டு விளக்குக.